மலைக் குளிரும் மெகாவாட் கணக்கும்

செயற்கை நுண்ணறிவுக்கென்று உலகெங்கும் எழுந்துவரும் பெரிய தரவு மையங்களைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தால், எங்கள் சேலம் மாவட்ட மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "இந்தக் கணிப்பொறிகள் கடுமையாகச் சூடாகின்றன, அவற்றைக் குளிர்விக்கவே பெருஞ்செலவாகிறது என்கிறீர்கள். அப்படியானால் சென்னை வெயிலில் ஏன் கட்டவேண்டும்? ஏற்காட்டில் கட்டினால் குளிர் சும்மா கிடைக்குமே!"

கேள்வியில் அறிவு இருக்கிறது. சுவீடன் நாட்டின் வடபகுதியில், துருவ வட்டத்தை ஒட்டிய லூலியோ நகரில், ஃபேஸ்புக் நிறுவனம் 2013-ல் இப்படித்தான் ஒரு தரவு மையத்தைத் திறந்தது. வெளிக்காற்றை உள்ளே இழுத்தே அது தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று நீங்களும் நினைக்கலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு முடியும்போது ஏற்காட்டைப் பற்றி மட்டுமல்ல, சென்னையில் இப்போது எழும் கட்டடங்கள் நமக்கு அறிவிக்கப்படும் விதத்தைப் பற்றியும் சில குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கும்.

தரவு மையம் என்பது, வெளியிலிருந்து பார்த்தால், சன்னல் இல்லாத பெரிய கிடங்கு. உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள்; அவற்றில் அடுக்கடுக்காகக் கணிப்பொறிகள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஓர் அலமாரி 5 முதல் 10 கிலோவாட் மின்சாரம் எடுத்துக்கொண்டது. செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகள் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. என்விடியா நிறுவனத்தின் எச்-100 சில்லு ஒன்று மட்டுமே 700 வாட் இழுக்கும். அதற்குப் பின் வந்த சில்லுகளில் 72-ஐ ஒரே அலமாரியில் அடுக்குகிறார்கள். அந்த அலமாரி சுமார் 120 கிலோவாட் கேட்கிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 120-ஐ ஒரு பீரோவுக்குள் அடைத்து, இரவும் பகலும் அணைக்காமல் வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பீரோக்கள் எண்ணூறுக்கு மேல் இருந்தால் 100 மெகாவாட் ஆகிறது. இன்று உலகில் 100 மெகாவாட் மையம் நடுத்தரமானதுதான். கூகிள் நிறுவனம் 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்துக்கு அறிவித்தது 1,000 மெகாவாட். நம் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய நான்கு அலகுகளும் சேர்ந்து தரக்கூடியது 840 மெகாவாட்.

இவ்வளவு மின்சாரமும் எங்கே போகிறது? நீர் இறைக்கும் பம்புசெட்டில் ஆற்றலின் ஒரு பகுதி உயரத்துக்கு ஏறிய நீரில் தங்குகிறது. மின்கலத்தில் வேதி ஆற்றலாகத் தங்குகிறது. கணிப்பொறியில் எதுவும் தங்குவதில்லை. கணக்கு முடிகிறது, விடை கண்ணாடி இழை வழியே ஒளித்துடிப்பாக வெளியேறுகிறது. அந்த ஒளி எடுத்துச் செல்லும் ஆற்றல் கணக்கில் சேர்க்கத் தகாத அளவு சிறியது. மீதி அனைத்தும் வெப்பம். 100 மெகாவாட் உள்ளே சென்றால் 100 மெகாவாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். ஆற்றல் அழிவின்மை விதியில் செயற்கை நுண்ணறிவுக்குத் தனிச் சலுகை கிடையாது. இயற்பியல் ஆசிரியனின் கண்ணுக்குத் தரவு மையம் ஒரு மாபெரும் மின்னடுப்பு. சமைக்கும்போது இடையில் கொஞ்சம் யோசிக்கவும் செய்யும் அடுப்பு.

இந்த வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்கலாம், அல்லது நீரிடம் ஒப்படைக்கலாம்.

முதலில் காற்று. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆக இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே சென்றதும் சுமார் 8 டிகிரி குறைகிறது. இது உண்மையான லாபந்தான். ஆனால் அதே உயரத்தில் காற்றின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வெப்பத்தைச் சுமப்பது காற்றின் நிறையே தவிர அதன் பருமன் அல்லவே. உள்ளே வரும் காற்று 12 டிகிரி சூடேறி வெளியேறுகிறது என்று கொண்டால், 100 மெகாவாட்டைச் சுமக்க விநாடிக்கு 8,000 கிலோகிராமுக்கு மேல் காற்று வேண்டும். ஏற்காட்டில் அது விநாடிக்கு 8,000 கனமீட்டருக்கும் மேல். இருபது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், இருபது மீட்டர் உயரம் உள்ள ஒரு மண்டபத்தின் காற்று முழுவதையும் ஒவ்வொரு விநாடியும் உறிஞ்சி வெளியே தள்ளவேண்டும். விசிறிகளின் இரைச்சலை நான் விவரிக்கத் தேவையில்லை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இப்படி ஒரு கட்டடத்தை நினைத்துப் பாருங்கள்.

மூடுபனிக் காலத்தில் இன்னொரு தொல்லை. வெளிக்காற்றை அப்படியே உள்ளே விட்டால் ஈரமும் கூடவே வரும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பிரைன்வில் என்னும் ஊரில் ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு ஒரு மையம் உண்டு. 2011 கோடையில் அங்கே கட்டுப்பாட்டுக் கருவி தடுமாறியதால் ஈரக்காற்று உள்ளே புகுந்து, கணிப்பொறிகளின் மேல் நீராகப் படிந்து, பல கருவிகள் பழுதாயின. மேகம் உள்ளே வந்து மழை பெய்தது என்று பிற்பாடு அவர்களே வேடிக்கையாகச் சொன்னார்கள்.

இனி நீர். தரவு மையங்கள் பெரும்பாலும் விரும்புவது குளிர்கோபுரத்தை. மண்பானையில் நீர் குளிரும் தத்துவந்தான். கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும். 100 மெகாவாட் என்றால் விநாடிக்கு 10 கோடி ஜூல். வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு சுமார் 41 கிலோகிராம் நீர், ஒரு நாளைக்கு 35 லட்சம் லிட்டர். நகரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவை வைத்துக்கொண்டால், இது 26,000 பேருக்கான நீர். குளிர்விக்கும் பொறிகளே தின்னும் மின்சாரம், கோபுரத்தில் உப்புச் சேராமல் அவ்வப்போது திறந்துவிடும் நீர் இவற்றையும் சேர்த்தால் அளவு இன்னும் ஏறும்.

குளிர்கோபுரம் நீரை எந்த வெப்பநிலைவரை இறக்க முடியும்? அதைத் தீர்மானிப்பது சாதாரண வெப்பமானியின் அளவு அல்ல, ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறினால் இறங்கி நிற்கும் அளவே அது. ஏற்காட்டிலும் சேலத்திலும் ஒரே நாளில் இரண்டு வெப்பமானிகளையும் வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம். பள்ளி ஆய்வகக் கருவிகளே போதும். சாதாரண வெப்பமானியில் தெரியும் பெரிய வித்தியாசம் ஈரக்குமிழில் கணிசமாகச் சுருங்கியிருக்கும். சமவெளிக் காற்று கோடையில் உலர்ந்தது. மலைக்காற்று ஈரம் மிகுந்தது. நாம் வெயிலில் வாடிவிட்டு மேலே போகும்போது உடல் உணரும் சுகத்தை அப்படியே பொறியியல் லாபமாக எண்ணுவது இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது.

அந்த நீருக்கு மலையில் எங்கே போவது? சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் எனப்படும் கடும்பாறை. மேல்மண்ணும், உளுத்த பாறைப் படலமும், வெடிப்புகளுமே நீரைத் தாங்கும் பானைகள். மழைக்காலத்தில் ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் கிளியூர் அருவி விழுகிறது. கோடையில் அந்த அருவியைப் பார்க்கப் போனவர்கள் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும் இந்த மலையில்தான் பிறக்கிறது. மேலே எடுக்கும் ஒவ்வொரு குடமும் கீழே ஒரு குடம் குறைவதுதான்.

நீர் வேண்டாம், மூடிய குழாய்களில் குளிர்பதனப் பொறிகளை ஓட்டுகிறோம் என்று சொல்லலாம். பல மையங்கள் அப்படியும் இயங்குகின்றன. அப்போது மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அது அனல்மின்சாரமானால், நீர்ச்செலவு ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. குளிர்கோபுரம் உள்ள பழைய அனல்மின் நிலையம் ஒரு மெகாவாட்-மணிக்கு 3.5 கனமீட்டர் நீருக்கு மேல் செலவழிக்கலாகாது என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் விதித்தது. அந்த உச்ச அளவையே வைத்துக்கொண்டால், 100 மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 84 லட்சம் லிட்டர். ஏற்காட்டில் மிச்சம் பிடித்ததாக நினைத்த நீரைப் போல இரு மடங்குக்கு மேல் மேட்டூரில் காவிரியிலிருந்து ஆவியாகப் போயிருக்கும். காற்றாலையும் சூரிய ஒளியும் தமிழகத்தில் மிகுதி என்பது மெய்யே. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் வலுவாக வீசும். சூரியன் மாலையில் போய்விடும். தரவு மையமோ நள்ளிரவிலும் அதே 100 மெகாவாட்டைக் கேட்கும்.

மின்தடைக்கு மாற்று ஏற்பாடாக டீசல் இயந்திரங்களையும் வைத்தாக வேண்டும். ஒரு யூனிட்டுக்குக் கால் லிட்டர் டீசல் என்று கொண்டால் மணிக்கு 25,000 லிட்டர். ஒரு நாள் இருப்புக்கு 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஐம்பது, அந்த இருபது வளைவுகளிலும் ஏறவேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொலைவு ஒரு தடையே அல்ல. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சேலத்திலிருந்து சென்னைக்கு இரண்டாயிரத்தில் ஒரு விநாடி அல்ல, ஆயிரத்தில் இரண்டு விநாடி கூடப் பிடிக்காது. அதனால் மலையைக் காட்டும் மாணவன் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. லூலியோவைப் பார்க்கும்போது அவன் குளிரை மட்டும் பார்த்தான், பக்கத்தில் ஓடும் லூலே ஆற்றின் நீர்மின் நிலையங்களைப் பார்க்கவில்லை, அவ்வளவே. குளிர், குளிர்விக்கும் செலவை மட்டுமே குறைக்கும். மையமொன்றில் 100 மெகாவாட் கணிப்பொறிக்கு மேலும் 40, 50 மெகாவாட் குளிர்விப்புக்கும் பிறவற்றுக்கும் போகிறதென்றால், மலை அந்த ஐம்பதில் பாதியைக் காப்பாற்றலாம். முதல் நூறு அப்படியே நிற்கும்.

இங்கே இந்த மலையின் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்தவேண்டும். மின்சாரத்தை இவ்வளவு பெரிய வாயால் தின்ற தொழில் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. மேட்டூரில் அணை 1934-ல் முடிந்தது. சில ஆண்டுகளில் நீர்மின்சாரம் வந்தது. அந்த மின்சாரத்தையும் சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவற்றின் உச்சியில் கிடைத்த பாக்சைட்டையும் நம்பி எழுந்ததே மேட்டூர் அலுமினிய ஆலை. மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, இத்தாலிய நிறுவனம் ஒன்றின் உதவியோடு 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது.

அலுமினியத்தைக் கெட்டியாக்கிய மின்சாரம் என்றே சொல்லலாம். பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரித்து, அதை உருகிய கிரையோலைட்டில் கரைத்து, மின்னாற்பகுப்பு செய்யவேண்டும். ஒரு கிலோகிராம் உலோகத்துக்குச் சுமார் 15 யூனிட் மின்சாரம். ஆண்டுக்கு 30,000 டன் ஆக்கும் ஆலை என்றால் இடைவிடாமல் 50 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். இன்று சென்னையில் எழும் ஒரு நடுத்தரத் தரவு மையத்தின் பசி அது. இடைவிடாமை என்ற குணமும் ஒன்றுதான். மின்சாரம் சில மணி நேரம் நின்றால் தொட்டியில் உருகியது உறைந்து போகும்.

பின்னர் நடந்தது என்ன? தமிழகத்தின் மின்தேவை வளர்ந்தது, 1970-களில் மின்வெட்டுகள் வந்தன, நீர்மின்சாரத்தை நம்பிய கணக்கு ஆடத் தொடங்கியது. 1995-ல் ஆலை ஸ்டெர்லைட் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. நிலக்கரியில் ஓடும் சொந்த மின்நிலையம் வந்தது. 2008-ல் உலகச் சந்தையில் உலோக விலை சரிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் உருக்கு வேலை நின்றது. அதன்பின் அந்த மின்நிலையம் என்ன செய்தது தெரியுமா? மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. உலோகமாக மாற்றுவதைவிட மின்சாரத்தை மின்சாரமாகவே விற்பது மேல் என்று ஆகிவிட்டது. மலையில் பாக்சைட் வெட்டிய குழிகளும் மேட்டூரில் செஞ்சேறும் மிஞ்சின.

இதை நான் ஆலையைப் பழிக்கச் சொல்லவில்லை. அந்த அலுமினியம் எங்கோ ஒரு சமையலறையிலும் மின்கம்பியிலும் இன்றும் இருக்கிறது. உருக்கித் திரும்பப் பயன்படுத்தவும் முடியும். ஆனால் மலிவான மின்சாரத்தை நம்பி வரும் பெருந்தொழில், அந்த மலிவு போனால் தானும் போகும். சில்லுகளின் ஆயுளோ உருக்குத் தொட்டிகளின் ஆயுளைவிட மிகக் குறைவு. ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகிவிடும். கட்டடமும் துணைமின் நிலையமும் நீர்க்குழாயும் மட்டும் முப்பது ஆண்டுகளுக்குப் போடப்படுகின்றன.

இனிச் சென்னைக்கு வருவோம். கடலடிக் கம்பித்தடங்கள் கரையேறும் ஊர் என்பதால் தமிழகத்தின் தரவு மையங்கள் பெரும்பாலும் அங்கேதான் கூடுகின்றன. தமிழக அரசு 2021 நவம்பரில் தரவு மையங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அம்பத்தூரில் புரூக்ஃபீல்டு, ரிலையன்ஸ், டிஜிட்டல் ரியல்டி ஆகியவற்றின் கூட்டு நிறுவனம் 2024 ஜனவரியில் 20 மெகாவாட்டுடன் தொடங்கியது. வளாகம் 100 மெகாவாட்வரை வளரும் என்றார்கள். சிறுசேரியில் சிஃபி நிறுவனத்தின் 130 மெகாவாட் வளாகம் 2025-ல் வந்தது.

இந்த அறிவிப்புகளை வரிசையாக எடுத்துப் படித்துப் பாருங்கள். எத்தனை கோடி ரூபாய் என்று இருக்கும். எத்தனை ஏக்கர், எத்தனை மெகாவாட் என்று இருக்கும். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், அது எந்த நீர், வெப்பத்தை எங்கே கொட்டுவார்கள் என்பவை தலைப்புக்கும் வருவதில்லை, முதல் பத்திக்கும் வருவதில்லை. மெகாவாட் என்பதைக் கொள்ளளவாக, பெருமையாகச் சொல்கிறார்கள். அது செலவின் அளவு. ஒரு பேருந்து எத்தனை பேரை ஏற்றும் என்று சொல்லாமல், எத்தனை லிட்டர் டீசல் குடிக்கும் என்று மட்டும் சொல்லி விளம்பரம் செய்வதற்கு ஒப்பானது இது. இந்தத் துறைக்கு அரசு வரிச்சலுகை தரும்போது, பதிலுக்கு மக்கள் கேட்கக்கூடிய மிக எளிய பொருள் மீட்டர் கணக்குத்தான். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிக் கிடந்ததைப் பார்த்த நகரத்தில் இதைக் கேட்பது முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பதாகாது.

கேட்டால் கிடைக்காது என்பதும் இல்லை. சிங்கப்பூர் நம்மைவிட வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊர். ஓடி ஏற மலையும் இல்லை. 2020-ல் அந்நாட்டு மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காடு தரவு மையங்களுக்கே போயிற்று. 2019 முதல் சில ஆண்டுகள் புதிய மையங்களுக்கு அனுமதியையே நிறுத்திவைத்தார்கள். 2022-ல் மீண்டும் திறந்தபோது, கணிப்பொறிக்கு 1 யூனிட் என்றால் மொத்தச் செலவு 1.3 யூனிட்டைத் தாண்டலாகாது என்று நிபந்தனை போட்டார்கள். 2024-ல் வெளியிட்ட திட்டத்தில் நீருக்கும் எண் வைத்தார்கள்: பத்தாண்டுக்குள் ஒரு மெகாவாட்-மணிக்கு 2 கனமீட்டர் அல்லது அதற்கும் கீழ். அந்த எண் கடுமையானதா, தளர்வானதா என்று வாதிடலாம். வாதிடுவதற்கு ஓர் எண் இருக்கிறது.

தொழில்நுட்பமும் கைவிட்டு விடவில்லை. ஜெர்மனியின் மியூனிக் அருகே லைப்னிட்ஸ் கணிப்பொறி மையத்தில் 2012-ல் நிறுவிய பெருங்கணிப்பொறியில், சில்லின் மேலேயே குழாய் பதித்து, சுமார் 40 டிகிரி வெந்நீரை ஓடவிட்டுக் குளிர்வித்தார்கள். வெந்நீரால் குளிர்விப்பதா என்று வியக்கவேண்டாம். சில்லு அதைவிடச் சூடானது, அது போதும். திரும்பிவரும் நீர் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்குமாதலால், கார் ரேடியேட்டர் போன்ற உலர் அமைப்பிலேயே வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடலாம். ஆவியாக்க நீர் வேண்டியதில்லை. செயற்கை நுண்ணறிவு அலமாரிகள் இப்போது இந்த வழிக்கே வந்துகொண்டிருக்கின்றன. 38 டிகிரி சேலம் வெயிலிலும் இது வேலை செய்யும் என்பதால், மலையேறும் தேவையே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆனால் இப்படிக் கட்டுவதா, குளிர்கோபுரம் வைப்பதா என்பதை வரைபடம் போடும் நாளில் முடிவு செய்யவேண்டும். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கோபுரந்தான் வேண்டுமென்றால் அதற்கும் வேறு நீர் உண்டு. கழிவுநீரைச் சவ்வூடு பரவல் முறையில் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலைகள் இரண்டு, நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனோடு, கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் தொடங்கப்பட்டன. நாம் மேலே கணக்கிட்ட 35 லட்சம் லிட்டர் அந்த ஓர் ஆலையின் நீரில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவு. அடுத்த தரவு மையத்தின் அறிவிப்பு நாளிதழில் வரும்போது, கோடிகளையும் ஏக்கர்களையும் தாண்டி, அந்தக் குழாய் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.